என் அளவுக்குத் தைத்த குழாய்

“ஒரு நிமிஷம் இருங்கம்மா, பெரிய டாக்டரையும் உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு மயக்க மருந்து கொடுக்கிற அந்தப் பெண் டாக்டர் போய்விட்டாள். நான் இந்தச் சக்கரக் கட்டிலில் மல்லாந்து கிடக்கிறேன், வேறென்ன செய்ய, எழுந்து ஓடவா முடியும், முதுகில் முடிச்சுப் போட்ட பச்சை அங்கியோடு அவிநாசி ரோட்டில் ஓடினால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். சிரிப்பு வருகிறது. சிரிப்பா இது. குளிர்கிறது, பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் வயிறு ஒட்டிக் கிடக்கிறது, பக்கத்துத் திரைக்குப் பின்னால் யாரோ ஒருவர் முருகா முருகா என்று முனகுகிறார், கட்டில் தள்ளுகிற ஆள் சுவரில் சாய்ந்து செல்போன் பார்க்கிறார். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது, அவள் அந்தக் கேள்வியைக் கேட்கிற வரைக்கும். எல்லோரிடமும் கேட்பார்களாம், ஆள் மாறி உறுப்பு மாறிப் போய்விடக் கூடாது என்று நோயாளியின் வாயாலேயே சொல்ல வைப்பார்களாம். உங்க பேரு சொல்லுங்கம்மா. சுசீலா. வீட்டுக்காரர் பேரு? தெய்வசிகாமணி. இன்னைக்கு உங்களுக்கு என்ன பண்ணப் போறோம்? “ஆஞ்சியோ டெஸ்டுங்க. தொடை வழியா ஒயர் உட்டுப் பாக்கறது. நாளைக்கு ஊட்டுக்குப் போயிரலாம்னாங்க.” அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். “யாரும்மா சொன்னது?” “என்ற வீட்டுக்காரருதான்.” அவள் முகத்தைப் பார்த்தேன், முகமூடிக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது, அது போதும். “உள்ளத உள்ளபடி சொல்லு கண்ணு” என்றேன், சொல்லிவிட்டாள். இருதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய ரத்தக்குழாய் மேலே போய்க் குடைக் கைப்பிடி மாதிரி வளைந்து கீழே இறங்குமாம், அந்த வளைவில் எனக்கு ஆரஞ்சுப் பழம் அளவுக்கு வீங்கியிருக்கிறதாம், அது வெடிப்பதற்கு முன்னால் தொடை வழியாக ஒரு துணிக்குழாயை அங்கே கொண்டுபோய் விரித்து வைக்கப் போகிறார்களாம். வெடிச்சா என்றேன். அவள் என் கையைப் பிடித்தாள். எப்பத் தெரிஞ்சுது என்றேன். “ரெண்டு மாசம் ஆச்சும்மா. உங்களுக்குத் தெரியாம நான் உள்ள கூட்டிட்டுப் போக மாட்டேன். நீங்க சரின்னு சொன்னாத்தான். வேண்டாம்னா கட்டிலைத் திருப்பிடலாம்.” ஆக, இந்தக் கட்டில் உள்ளே போவதும் வெளியே போவதும் இப்போது என் வாயில் இருக்கிறது.

இரண்டு மாசம். இருதயம் அடிக்கிறது, காதுக்குள் கேட்கிறது, இத்தனை நேரம் அதுபாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது, அவள் சொன்ன பிறகுதான் ஒவ்வொரு அடியும் அந்த ஆரஞ்சுப் பழத்தில் போய் மோதுகிற மாதிரி இருக்கிறது, மெதுவா அடி, மெதுவா அடி என்று சொல்லிப் பார்க்கிறேன், அது என் பேச்சை எங்கே கேட்கும், யார்தான் என் பேச்சைக் கேட்டார்கள். குரல் போனதுதான் முதலில். மாரியம்மன் நோன்பு முடிந்த வாரத்தில் ஒருநாள் காலையில் கரகரவென்று ஆகி, பிறகு காற்றாகி, காய்க்காரரைக் கூப்பிட்டால் அவருக்குக் கேட்காமல் தெருமுனை தாண்டிப் போய்விடுவார். ஈரோடு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போட்டுக்கொடுத்த குரல் இது, பம்பாய் கல்கத்தா என்று எத்தனை ஊர் ஆபரேட்டர்கள் இந்தக் குரலுக்கு எஸ் ஈரோடு என்று பதில் சொல்லியிருக்கிறார்கள், அது போய்விட்டதே என்றுதான் கவலைப்பட்டேன், வீட்டுக்காரர் தொண்டை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். குரல் நரம்பு ஒன்று அசையவில்லை என்றார் அந்த டாக்டர், நெஞ்சை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். தொண்டைக்கு எதற்கு நெஞ்சில் ஸ்கேன் என்று நான் கேட்டேனா, கேட்டேன், “சளி கட்டியிருக்குதான்னு பாக்கறாங்க” என்றார் இவர். அந்த வீக்கம்தான் குரல் நரம்பை அழுத்தியிருக்கிறது என்று இப்போதல்லவா தெரிகிறது. ஸ்கேன் வந்த அன்றைக்குத்தான் டாக்டர் சொன்னார், அம்மா கொஞ்சம் வெளிய உக்காருங்க. நானும் போய் உட்கார்ந்தேன். எழுபது வயசா எனக்கு, காது மந்தமா, புத்தி பிசகா, என் நெஞ்சைப் பற்றிப் பேச என்னை எதற்கு வெளியே உட்கார வைக்க வேண்டும். அதுதான் இங்கே வழக்கம், வீட்டுக்கு வீடு இதுதான், வியாதிக்காரரைத் தவிர மற்ற எல்லோரிடமும் வியாதியைச் சொல்வது. நானும் அதை வழக்கம் என்றே நினைத்து, அங்கே ஒரு குழந்தை பிஸ்கட்டைத் தரையில் போட்டு மிதிப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் வெளியே வந்தார். “ஒண்ணுமில்ல, போலாம்” என்றார். எக்ஸ்சேஞ்சில் ஒருவன் ஹலோ என்று சொல்கிற ஹலோவிலேயே இது சாவுச் செய்தியா கல்யாணச் செய்தியா என்று எனக்குத் தெரிந்துவிடும், பக்கத்து சீட்டு மேரிகூடச் சொல்வாள், உனக்குக் காதுல எக்ஸ்ரே மெஷின் இருக்குதுடி என்று. அந்தக் காதுதான் ஒண்ணுமில்ல போலாம் என்பதைக் கேட்டுக்கொண்டு, சரி, வழியில் கொத்தமல்லி வாங்கிக்கொண்டு போகலாம் என்றது.

கொத்தமல்லி வாங்கினோம். அவரே பையைத் தூக்கிக்கொண்டார். அங்கே ஆரம்பித்ததுதான், இப்போது தெரிகிறது, அந்தப் பையில் ஆரம்பித்தது. மனுஷன் அதற்கு முன்னால் பை தூக்கினவரா, மின்வாரியத்தில் லைன்மேனாகக் கம்பம் கம்பமாக ஏறினவர், வீட்டில் ஒரு டம்ளரை எடுத்து வைக்க மாட்டார். அவர் டம்ளர் கழுவினார். சிலிண்டரை நகர்த்த விடவில்லை. உப்பைக் குறைத்தார். அதையெல்லாம்கூட விடு, சண்டையை நிறுத்தினாரே. கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் காப்பிக்கு முன்னால் ஒரு சண்டை, காப்பிக்குப் பின்னால் ஒரு சண்டை, ஃபேன் வேகத்துக்கு ஒன்று, ஜன்னல் கதவுக்கு ஒன்று, என் தங்கச்சி வீட்டுக்குப் போவதற்கு ஒன்று, அவர் அக்கா வந்தால் தினம் ஒன்று, இருவருக்குமே அதில் சலிப்பு வந்ததில்லை. திடீரென்று எதைச் சொன்னாலும் “சரி சுசி, உன்ற இஷ்டம்” என்றார். ஃபேனை ஐந்தில் வைத்தேன், சரி. அவர் அக்காவைப் பற்றி ஒரு மூச்சுப் பேசினேன், அதற்கும் சரி. கடைசியில் வழிக்கு வந்துவிட்டார் என்று நினைத்தேன், கோமதியிடம், எதிர்வீட்டுக்காரியிடம், பெருமையடித்தேன், “எங்கூட்டுக்காரரு திருந்திட்டாரு பாரு” என்று, அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “நல்லாருங்கக்கா” என்றாள். அவளுக்கும் தெரியும். கோமதிக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரியும். பூக்காரம்மா ஒரு முழம் கூடப் போட்டாளே, அவளுக்கும் தெரியும். எனக்குக் கோபம் வந்தால் ரத்த அழுத்தம் ஏறும், ஏறினால் குழாய் வெடிக்கும், அதனால் எதிர்த்துப் பேசாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருப்பார், அவ்வளவுதான், மாத்திரை கொடுக்கிற மாதிரி வேளாவேளைக்கு எனக்குச் சரி சரி என்று கொடுத்திருக்கிறார். நான் ஜெயித்த சண்டை ஒன்றுகூட நான் ஜெயித்தது இல்லை. பாவி மனுஷா, பொய் சொல்லத் தெரியாத ஆள் என்று உன்னைப் பற்றி எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். இன்று காலையில் நகையெல்லாம் கழற்றச் சொன்னார்கள், மெட்டி வரவில்லை, விரல் வீங்கியிருந்தது, அவரே சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து கட்டிலுக்குக் கீழே குனிந்து கழற்றினார், ரொம்ப நேரம் தலையைத் தூக்கவே இல்லை. “ஒரு டெஸ்டுக்கு எதுக்குங்க இத்தனை ஆர்ப்பாட்டம்” என்றுகூடக் கேட்டேன். “இரும்பு ஆகாதாமா” என்றார். வெள்ளி மெட்டி அது. அதைக்கூட நான் பிடிக்கவில்லை.

துணிக்குழாய். என்ன துணியோ. கடையில் கிடைக்காதாம் அது, என் ஸ்கேன் படத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி, என் குழாய்க்கு அளவெடுத்து, அங்கே கையால் தைத்து அனுப்பியிருக்கிறார்களாம், அதற்குத்தான் இந்த இரண்டு மாசம். வளைவிலிருந்து மேலே மூன்று கிளை போகிறதாம், தலைக்கும் கைகளுக்கும், துணி அதையெல்லாம் மூடிவிட்டால் ரத்தம் போகாது, அதனால் அந்தந்த இடத்தில் ஜன்னல் மாதிரி ஓட்டை வைத்துத் தைத்திருக்கிறார்களாம். “ஜன்னல் நேரா கிளை வாசல்ல வந்து நிக்கணும்மா, அதுதான் இதுல கஷ்டமான வேலை” என்றாள் அந்தப் பெண் டாக்டர். நிற்காவிட்டால். அதையும் கேட்டேன், கேட்டிருக்க வேண்டாம். பக்கவாதம் வரலாம், பேச்சு போகலாம், நூற்றில் சில பேருக்கு. பேச்சு. ஏற்கெனவே காற்றுதான் வருகிறது, அந்தக் காற்றும் போனால் வாய் கோணி எச்சில் ஒழுக, என் மகள் மேகலா ஸ்பூனில் கஞ்சி ஊட்டுவாள், நான் இன்னும் கொஞ்சம் உப்புப் போடு என்று சொல்லவும் முடியாமல் பார்த்துக்கொண்டே இருப்பேன். வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே, மெதுவா அடி, மெதுவா. எந்த ஊரோ, ஏதோ ஒரு குளிர் தேசத்தில் ஒரு பெண் மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்து ஒவ்வொரு தையலாகப் போட்டிருப்பாள், இது கழுத்துக்குப் போகிற ஜன்னல், இது இடது கைக்கு என்று. அவளுக்கு என் நெஞ்சு எந்த இடத்தில் வளைகிறது, எந்த இடத்தில் உப்பியிருக்கிறது, எல்லாம் அத்துப்படி. அவள் சாப்பாட்டு வேளையில் பக்கத்தில் இருப்பவளிடம் சொல்லியிருப்பாள், இந்தியாவில் ஒரு அம்மாவுக்கு, பாவம் என்று. அவளுக்குத் தெரியும், கோமதிக்குத் தெரியும், பூக்காரிக்குத் தெரியும். ரவிக்கைக்கு அளவு கொடுத்தால்கூட நான்தான் போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும், இதற்கு என்னைக் கேட்காமலேயே அளவெடுத்துத் தைத்து வந்து சேர்ந்துவிட்டது, உடம்புக்காரி ஒருத்தி இருக்கிறாள் என்பதை எல்லோருமே மறந்துவிட்டார்கள். மேகலாவும்தானே. சிங்கப்பூரிலிருந்து வாரத்துக்கு ஒருதரம் கூப்பிடுகிறவள் தினமும் வீடியோவில் வந்தாள், போன வாரம் நேரிலேயே வந்து நின்றாள், “லீவு கெடச்சுதும்மா” என்று. கட்டிக்கொண்டு படுத்துக்கொண்டாள், சின்னப்பிள்ளையில் படுத்த மாதிரி. பொய்யால் வந்ததென்றால் அந்தத் தூக்கத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

சரி, எல்லாவற்றையும் கொடுத்துவிடலாம், பை தூக்கினதை, டம்ளர் கழுவினதை, லீவை, ஒரு முழம் பூவை. அண்ணனை எப்படிக் கொடுப்பேன். அங்கேதான் நெஞ்சு போய்ப் போய் இடிக்கிறது, இத்தனை நேரம் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிச் சுற்றி வந்தேன், நாச்சிமுத்து அண்ணன், என் கூடப் பிறந்த ஒரே அண்ணன். தன் மகனுக்கு மேகலாவைக் கேட்டான், உரிமைப் பெண், கேட்டதில் தப்பில்லை. அவள் மாட்டேன் என்றாள், நான் மகள் பக்கம் நின்றேன். வீட்டுக்கு நடுவில் நின்று, “இனி இந்த வாசல்ல நான் கால் வெச்சா நீ செத்த அன்னைக்குத்தான்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். அம்மாவின் எழவில்கூட அவன் ஆண்கள் பக்கம் கடைசியில், நான் தலைமாட்டில், தண்ணீர் வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி அண்ணன் சீர் வருகிறதா என்று வாசலைப் பார்த்துப் பார்த்து, பத்தொன்பது வருஷம், பிறகு பார்ப்பதை விட்டுவிட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறேன், வாசலில் அவன். தலை முழுக்க நரைத்து, கையில் தூக்குப் பாத்திரம், அண்ணி சுட்டுக் கொடுத்த ஒப்புட்டு, பருப்புப் போளி. “வா அண்ணா” என்று சொல்ல வாயைத் திறக்கிறேன், குரல் வரவில்லை, வந்திருந்தால் தெருவே கேட்டிருக்கும். உட்கார்ந்தான், காப்பி குடித்தான், இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடு அம்மிணி என்றான். “எப்பிடிண்ணா வந்தே” என்று கேட்டேன். “என்னமோ தோணுச்சு, வந்தேன்” என்றான். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதானே நான் இந்த ஒரு மாசம் இருந்தேன். குளிக்கும்போது, பாத்திரம் தேய்க்கும்போது, மாத்திரை விழுங்கும்போது, என்னமோ தோணுச்சாமா, என் அண்ணனுக்கு என்னமோ தோணுச்சாமா, வேறு எதுவும் இல்லை, தானாகத் தோன்றியிருக்கிறது என்று. ஒன்றும் தோன்றவில்லை. இவர் பஸ் ஏறிப் போய் அவன் காலில் விழாத குறையாகச் சொல்லியிருப்பார், உங்க தங்கச்சி பொழைக்கறது கஷ்டம், வந்து ஒரு தரம் பாத்துட்டுப் போயிருங்க என்று. அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறான், அவ்வளவுதான், செத்த அன்றைக்கு வருகிறேன் என்றவன் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டான். எழவுக்கு வந்தவனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, போதுமா அண்ணா, சர்க்கரை போதுமா என்று கேட்டிருக்கிறேன். ஐயோ. அழக் கூடாது, அழுதால் அழுத்தம் ஏறும், இது வெடிக்கும். ஆத்திரத்தோடு அழக்கூட எனக்கு இனி அனுமதி இல்லை.

வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா. கட்டிலைத் திருப்புவார்கள், புடவை கட்டிக்கொள்வேன், ஆட்டோவில் ஏறினால் ஒருவரும் பேச மாட்டார்கள், வீட்டுக்குப் போய் ஃபேனை ஐந்தில் வைத்துப் படுத்துக்கொள்வேன். என்றாவது ஒருநாள் குக்கர் இறக்கும்போது, இல்லை துணி காயப்போடும்போது, நெஞ்சுக்குள் சட்டென்று, அவ்வளவுதான். அதுவரைக்கும் எல்லோரும் சரி சரி என்று சொல்வார்கள், தினமும் காலையில் என் முகத்தை எட்டிப் பார்ப்பார்கள், மூச்சு இருக்கிறதா என்று. அண்ணன் வாரம் தவறாமல் ஒப்புட்டுக் கொண்டுவருவான். அந்த ஒப்புட்டு என் தொண்டையில் இறங்காது. அப்படியானால் சரி என்று சொல்ல வேண்டுமா, யாருக்காகச் சொல்வது, இவருக்காகவா, இந்தப் பொய்க்காரருக்காகவா. ஒருவேளை இவர் இடத்தில் நான் இருந்திருந்தால் என்று ஒரு எண்ணம் தலையை நீட்டுகிறது, போ அந்தப் பக்கம், இப்போது நியாயம் பேச வராதே, எனக்கு இப்போது இவர் மேல் கோபமாக இருக்க வேண்டும், அதுவாவது முழுசாக என்னுடையதாக இருக்கட்டும். பயமாகவும் இருக்கிறது. சாக எனக்கு இஷ்டமில்லை. இதை எவரிடமும் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் இல்லை, கொஞ்சம்கூட இஷ்டமில்லை. பொய்யில்லாமல் ஒருநாள் என் வீட்டில் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும், ஒரே ஒருநாளாவது.

கதவு திறக்கிறது. பெரிய டாக்டர் முன்னால், அந்தப் பெண் பின்னால், அவளுக்கும் பின்னால் பச்சை அங்கியும் காலில் நீல உறையும் மாட்டிக்கொண்டு இவர். தலையில் தொப்பி வேறு. பார்த்தால் சிரிப்பு வரும் மற்ற நாளாக இருந்தால். பெரிய டாக்டர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார், “எல்லாம் தெரிஞ்சு போச்சுங்க டாக்டர், இவிய எனக்குச் சொல்லிட்டாங்க” என்று அந்தப் பெண்ணைக் காட்டினேன். இவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“சுசி, பயந்துருவியேன்னுதான்…”

“நான் பயந்தா உங்களுக்கென்னங்க. என்ற பயம், நான் பயந்துக்கறேன்.”

எதிர்த்துப் பேசு, ஒரு வார்த்தை பேசு என்று காத்திருந்தேன். “சரி சுசி” என்றார்.

பெரிய டாக்டரைப் பார்த்தேன். “பண்ணுங்க டாக்டர். நான்தான் சொல்றேன், நல்லாக் கேட்டுக்கோங்க, இவரு சொல்றதுனால இல்ல. சன்னல நேரா வெச்சுருங்க. எனக்குப் பேச வேண்டியது நெறைய இருக்குது.” அவர் தலையாட்டினார். பிறகு இவர் பக்கம் திரும்பினேன். “எங்கண்ணன் வெளிய இருக்குதா?”

“இருக்காரு. வெடியால இருந்து ஒண்ணுமே திங்காம உக்காந்திருக்காரு.”

“திங்கச் சொல்லுங்க. தின்னுட்டு ஊருக்குப் போகச் சொல்லுங்க.”

“சுசி, இப்பப் போயி…”

“போகோணும். நான் கண்ணு முழிக்கறப்ப அண்ணன் இங்க இருக்கக் கூடாது. நான் பொழச்சு, ஊட்டுக்கு வந்து, இனி எனக்கு ஒண்ணுமில்லைன்னு டாக்டரே சொன்ன பொறகு வரட்டும். வந்தா வரட்டும். வரலீன்னா அதையும் நான் தெரிஞ்சுக்கறேன். யாரும் போயிக் கூப்புடக் கூடாது, முக்கியமா நீங்க.”

அவர் தலையை ஆட்டினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், தொப்பி ஒரு பக்கம் சாய்ந்தது. கம்பியை விடாமல் மெதுவாகக் கேட்டார்.

“நீ கண்ணு முழிக்கறப்ப நானு இருக்கட்டா, சுசி?”

அவர் கேட்ட எதற்கும் நான் பதில் சொல்லாமல் விட்டதில்லை, ஒன்றுக்கு மூன்றாகத்தான் சொல்லியிருக்கிறேன். கம்பியில் இருந்த அவர் விரல்களைப் பார்த்தேன். ஓரத்தில் இன்னும் சோப்பு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது.

“தள்ளுங்க தம்பி” என்றேன், கட்டில் தள்ளுகிறவரிடம்.